துரியோதனன் ஆடியதற்குச் சான்று

பேரூராட்சி செயல் அலுவலர் அய்யா அவர்களுக்கு,

செய்யாற்றுப் பக்கம் கட்டை கட்டி ஆடும் கூத்து வாத்தியார் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் நாலு மனு, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைகளில் இரண்டு மனு கொடுத்தாயிற்று. ரசீதுகள் அரிதாரப் பெட்டியில் முத்துவெள்ளைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. இனி ஊரே படிக்கட்டும் என்றுதான் இந்த மடல்.

போன பங்குனியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டீர்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை பற்றி 8 வார்டில் 8 ராத்திரி கூத்து. ராத்திரிக்கு 8,000 ரூபாய், 14 பேருக்கும் சேர்த்து. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிற காலம் தொடங்கும் நேரம் அது. வெற்றிலை பாக்கோடு வந்த இரண்டு அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் தேதிக்கு வந்தோம். அரசாங்கக் காசு எங்கேயும் போகாது என்று பையன்களிடம் சொன்னவன் நான்.

புரிசைக் கூத்துக்காரர்கள் வெளிநாட்டு எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையே கூத்தாக்கியவர்கள். அதே வட்டாரத்தில் நாங்கள் குப்பைத்தொட்டியைக் கூத்தாக்கினோம். அதில் எனக்கு வெட்கமில்லை. துரியோதனனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, பிளாஸ்டிக் பையின் பெருமையை அவன் வாயாலேயே பாட வைத்தோம். கட்டியக்காரன் அந்தந்தத் தெருவின் சாக்கடையை இழுத்துப் பேசினான். ஜனம் சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். மூன்றாவது வார்டில் துரியோதனனோடு செல்பி எடுத்துக்கொண்டீர்கள், புஜக்கட்டை கன்னத்தில் இடிக்கிறது, கொஞ்சம் தள்ளி நில் என்று சொல்லி.

அன்றைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்சில் இருந்தது கதகளி முகம். பச்சை பூசிய மலையாள முகம். இன்டர்நெட்டில் தேடியபோது அதுதான் முதலில் வந்திருக்கும். நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த ஃப்ளெக்சுக்கு ஒரே வாரத்தில் பணம் போய்விட்டது, கடைக்காரரே சொன்னார். எங்கள் 64,000 ரூபாய்க்குப் பதினோரு மாதம் ஆகிறது.

முதலில் ஜிஎஸ்டி பில் கேட்டார்கள். கட்டை செதுக்கக் கல்யாணமுருங்கை மரம் கொடுத்த விவசாயியிடம் போய் நான் பில் கேட்கவா? பிறகு மூன்று கொட்டேஷன் கேட்டார்கள், ஆடி முடித்து ஆறு மாதம் கழித்து. கடைசியாக வந்ததுதான் உச்சம்: "போட்டோவில் இடமும் நேரமும் பதிவாகவில்லை, நிகழ்ச்சி நடந்ததற்கு ஆதாரம் இல்லை." இதைச் சொன்ன கிளார்க்கின் தலைக்கு மேலே பேரூராட்சியின் தூய்மைப் பணிப் பலகை. அதில் எங்கள் துரியோதனன் கிரீடத்தோடு நிற்கிறான். பக்கத்தில் நீங்கள்.

மழை மாதங்களில் எங்களுக்கு ஆட்டம் கிடையாது. அந்த நாட்களைத் தாண்டத்தான் அந்தக் காசு. ஐப்பசி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் முகவீணைக்காரர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகப் போய்விட்டார். முகவீணை கைக்குள் அடங்குகிற கருவிதான். ஆனால் கர்ண மோட்சத்தில், விடிய இன்னும் நேரம் இருக்கும்போது, பொன்னுருவி அழுகிற இடத்தில் அதன் சத்தம்தான் பாதித் தூக்கத்தில் இருக்கும் ஜனத்தை நிமிர்ந்து உட்கார வைக்கும். இப்போது ஹார்மோனியத்தை வைத்துச் சமாளிக்கிறோம். பொன்னுருவி தனியாக அழுகிறாள். ஒரு பெரியவர் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, எழவு வீட்ல ஒப்பாரி இல்லாத மாதிரி இருக்குதே?" நான் என்ன பதில் சொல்ல? உங்கள் அலுவலக போன் நம்பரைக் கொடுக்கவா?

நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று அரசிடம் ஒரு திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் நலிந்த பிறகுதானே அதைக் கேட்க முடியும்? அந்த முதல் பாதி வேலையை உங்கள் அலுவலகம் சிரத்தையாகச் செய்து கொடுக்கிறது.

பிச்சை கேட்கவில்லை. ஆடியதற்குக் கூலி கேட்கிறோம். உங்கள் வீட்டுக்கு வர்ணம் பூசியவரைப் பதினோரு மாதம் நடக்க விடுவீர்களா? எங்கள் முகத்தில் நாங்களே பூசிக்கொள்வதால் இளக்காரமா?

வருகிற சித்திரையில் பக்கத்து ஊரில் பாரதம் வைக்கிறார்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வரும். கட்டியக்காரன் என்ன பேச வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இந்த வருஷம் என்னடா பேசப் போகிறாய் என்று கேட்டேன், சிரிக்கிறான். நீங்களும் வாருங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன். இடம், நேரம் எல்லாம் பதிவாகிற மாதிரி நாங்களே போட்டோ எடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கூத்து வாத்தியார்