வயதைக் குறைத்த கஜானா

2022 ஜூனில் இலங்கை அமைச்சரவை, வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்களின் குறைந்தபட்ச வயதை 21 ஆக்கியது. அதற்கு முன் சவூதி செல்ல 25 வயதாகியிருக்க வேண்டும். கஜானாவில் டாலர் இல்லை, வரம்பு தளர்ந்தது.

அந்த வரம்புக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டார். அவரது பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயது வரம்பு கடுமையானது அதன் பிறகுதான்.

வரம்பு தளர்ந்த சில மாதங்களில், 2022 செப்டம்பரில், கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. கட்டட வேலைகள் முடங்கி ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் சம்பளமோ அப்போதும் அதே ஆயிரம் ரூபாயாகவே இருந்தது. அதில்தான் அரிசியும் மண்ணெண்ணெயும்.

தேயிலை, ஆடை, வெளிநாட்டுப் பணம்: நாட்டுக்கு டாலர் தரும் மூன்றிலும் பெண்களின் உழைப்பு பெரிது. கடனை அடைக்க அவர்களை நம்பும் அரசு, ஒப்பந்தத்தைச் சரிபார்க்கவும் சம்பள பாக்கியை வாங்கித் தரவும் தூதரகங்களில் போதிய ஆட்களை அமர்த்தட்டும். வயதைக் குறைக்க ஓர் அமைச்சரவை முடிவே போதுமாயிருந்ததே!