மீள நிரப்பும் குப்பியும் மீள முடியாத பழக்கமும்

பிரித்தானியாவில் 2025 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாம் திகதியிலிருந்து, ஒருமுறை பாவித்துவிட்டு வீசியெறியும் 'வேப்' எனப்படும் இலத்திரனியல் சிகரெட்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் வாரமொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் சாதனங்கள் குப்பையில் வீசப்பட்டதாக அந்நாட்டு அரசாங்கம் தெரிவித்திருந்தது. அவற்றின் இடத்தை இப்போது 'பொட்' என்னும் சிறு குப்பி பொருத்தப்பட்ட, மின்னேற்றி மீண்டும் மீண்டும் பாவிக்கக்கூடிய கையடக்கச் சாதனங்கள் பிடித்துள்ளன. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் இச்சாதனம் உண்மையில் எத்தகையது என்னும் கேள்வி லண்டனுக்கு மாத்திரம் உரியதன்று. அங்கிருந்து உறவினர் வந்துபோகும் எமது இல்லங்களுக்கும் அது உரியதே.

இதன் அமைப்பு மிக எளிமையானது. ஒரு லிதியம் மின்கலம், ஒரு கம்பிச் சுருள், அதனைச் சுற்றியுள்ள பஞ்சு, ஒரு சிறு குப்பி ஆகியவையே இதன் உறுப்புகள். குப்பியிலுள்ள திரவத்தைப் பஞ்சு உறிஞ்ச, சுருள் சூடேறி அதனை ஆவியாக்குகின்றது. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், சுவையூட்டிகள், நிக்கொட்டின் என்பனவே பொதுவாக அத்திரவத்தில் அடங்கியுள்ளன. புகையிலை எரிவதில்லை, ஆதலால் சிகரெட் புகையிலுள்ள தாரும் காபனோரொட்சைட்டும் இதில் இல்லை. எனினும் திரவம் வற்றிய நிலையில் சுருள் சூடேறினால் பஞ்சு கருகி, போமல்டிகைட் போன்ற நச்சுப் பொருட்கள் உருவாகின்றன. மலிவான சாதனத்துக்கும் தரமான சாதனத்துக்கும் இடையிலான வேறுபாடு இத்தகைய இடங்களிலேயே வெளிப்படுகின்றது.

பிரித்தானிய விதிகளின்படி குப்பியின் கொள்ளளவு 2 மில்லிலீற்றரையும், நிக்கொட்டின் அளவு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமையும், திரவப் போத்தல் 10 மில்லிலீற்றரையும் விஞ்சக்கூடாது. போத்தலின் மூடி சிறுவர்களால் திறக்க முடியாததாக இருத்தல் வேண்டும். ஒரு போத்தலைக் கொண்டு ஐந்து தடவை குப்பியை நிரப்பலாம் என்பதால் செலவும் குறைவு, கழிவும் குறைவு. ஆயினும் தடைக்குப் பின்னர் அதே நிறம், அதே சுவை, ஏறத்தாழ அதே விலை என மின்னேற்றும் துவாரம் மாத்திரம் சேர்க்கப்பட்ட சாதனங்களும் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்குவோர் முன்போலவே வீசியெறிந்தால் சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டதேயன்றி அதன் நோக்கம் நிறைவேறியதாகாது.

உடல்நலம் தொடர்பில் ஆய்வாளர்களின் கருத்தை நாம் திரித்துக் கூறலாகாது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015 இல், வேப் பாவனை புகைத்தலை விட ஏறத்தாழ 95 வீதம் தீங்கு குறைந்தது என மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை கடும் விமர்சனத்துக்குள்ளானமையும் உண்மையே. 2022 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, புகைத்தலைக் கைவிட முனைவோருக்கு நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி, சூயிங்கம் போன்றவற்றை விட நிக்கொட்டின் கொண்ட வேப் கூடுதலாக உதவுகின்றது என்று முடிவு செய்தது. இருபது வருடங்களாகச் சிகரெட் புகைக்கும் ஒருவர் அதனை முற்றாக விட்டுவிட்டு இதற்கு மாறுவாராயின் அது அவருக்கு நன்மையே.

ஆனால் ஒருபோதும் புகைத்திராத பதினைந்து வயது மாணவனுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அவன் சிகரெட்டைக் கைவிட்டு இதற்கு வரவில்லை. தூய காற்றைக் கைவிட்டு வருகின்றான். 2015 இல் அமெரிக்காவில் அறிமுகமான 'ஜூல்' சாதனம், நிக்கொட்டினை உப்பு வடிவத்துக்கு மாற்றித் தொண்டைக் கரகரப்பைக் குறைத்தது. அதிக அளவு நிக்கொட்டினை இருமலின்றி உள்ளிழுக்க இது வழிவகுத்தது. 2019 இல் அமெரிக்க உயர்தரப் பாடசாலை மாணவர்களில் 27.5 வீதமானோர் இலத்திரனியல் சிகரெட் பாவித்ததாக அந்நாட்டின் தேசிய ஆய்வு காட்டியது. பின்னர் இவ்வீதம் வெகுவாகக் குறைந்தபோதிலும், மீள நிரப்பும் குப்பிகளில் இன்று ஊற்றப்படும் திரவங்களில் பெரும்பகுதி அதே உப்பு வகையைச் சார்ந்ததே.

இவ்விடத்தில்தான் இச்சாதனத்தின் சிறப்பே அதன் ஆபத்தாகவும் மாறுகின்றது. மீள நிரப்பலாம் என்றால் எதனையும் நிரப்பலாம். 2019 இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பினால் 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோ உயிரிழந்தோ இருந்தனர். இறந்தோர் 68 பேர். கள்ளச் சந்தையில் விற்கப்பட்ட கஞ்சாச் சாறு கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்டிருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று என்னும் பொருளே இதற்கு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. வேப் பாவனையை முற்றாகத் தடைசெய்த சிங்கப்பூரிலும், மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த குப்பிகள் பரவியமையால், 2025 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து அம்மருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. தடை மாத்திரம் போதுமானதன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலேசியாவின் அனுபவமும் கவனத்திற்குரியது. அந்நாட்டின் தேசிய பத்வா சபை 2015 டிசெம்பரில் வேப் பாவனை ஹராம் எனத் தீர்ப்பளித்தது. எனினும் 2023 மார்ச் 31 ஆம் திகதி நிக்கொட்டின் திரவம் நச்சுப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சிறுவர்களுக்கு அதனை விற்பதைத் தடுக்கும் தேசிய சட்டமோ 2024 ஒக்டோபர் முதலாம் திகதியே நடைமுறைக்கு வந்தது. மார்க்கத் தீர்ப்பு இருந்தும் சட்டத்தின் வேலி பதினெட்டு மாதங்கள் திறந்தே கிடந்தது.

எமது நாட்டிலும் அத்தகைய இடைவெளி உண்டா என்பதே எமது கவலை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை உற்பத்திகளை விற்பதைத் தடைசெய்தது. அதன் கீழ் 2016 இல் வெளியான ஒழுங்குவிதிகள் 'புகையிலை அடங்கிய' இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடுத்தன. குப்பியில் இருப்பதோ புகையிலையன்று. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அல்லது ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்ட நிக்கொட்டின். ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் இவ்வாதத்தை முன்வைக்கக் காத்திருக்கும் நிலை ஏன் இருத்தல் வேண்டும்? நிக்கொட்டின் எந்த வடிவில் இருப்பினும், வெற்றுக் குப்பியாயினும் சாதனமாயினும், அவற்றின் நிலையைச் சட்டம் ஐயந்திரிபறக் கூறுதல் அவசியமாகும்.

அத்துடன், புகைத்தலைக் கைவிட விரும்பும் ஏழைத் தொழிலாளிக்கு அரசாங்க வைத்தியசாலையில் ஆலோசனையும் மருந்தும் இலகுவில் கிடைக்கச் செய்யப்படுதல் வேண்டும். அவ்வழி அடைபட்டிருக்கையில் வேப்பை மாத்திரம் தடுப்பது அவரைச் சிகரெட்டிடமே ஒப்படைப்பதாகும். தடுக்கவும் வேண்டும், கைதூக்கிவிடவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடுவது பயன் தராது.

புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகளிடமும் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றோம். விடுமுறைக்கு வரும்போது மருமகனுக்கும் மச்சானுக்கும் அன்பளிப்பாகக் கொண்டுவரும் பொருட்களில் இப்பளபளக்கும் சிறு பெட்டியைச் சேர்க்காதீர்கள். லண்டனில் அதனைச் சோதிக்க அதிகாரிகள் உள்ளனர். இங்கே அக்குப்பி வெறுமையானதும் அதனை நிரப்பப் போவது யார், எதனைக் கொண்டு என்பதை நீங்களும் அறியமாட்டீர்கள். வாங்கும் பிள்ளையும் அறியமாட்டான்.