இடித்துரைக்கும் உரிமையும் ஏற்கவேண்டிய பொறுப்பும்

பெரியதொரு உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடைபெறும் காலங்களில் ஒன்றல்ல, இரண்டு ஆட்டங்கள் ஏககாலத்தில் நடைபெறுவதை நாம் காண்கின்றோம். மைதானத்தில் நடைபெறும் ஆட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. மற்றைய ஆட்டமோ தொலைக்காட்சிக் கலையகங்களிலும் பத்திரிகைப் பத்திகளிலும் இணைய ஒலிபரப்புகளிலும் நாட்கணக்கில் தொடர்கின்றது. இந்த இரண்டாவது ஆட்டத்தில் முன்னணியில் நிற்பவர்கள், ஒரு காலத்தில் அதே அணியின் சீருடையை அணிந்து விளையாடிப் பெரும்புகழ் பெற்று இன்று ஓய்வுபெற்றிருக்கும் நட்சத்திரங்களே. தமது முன்னாள் அணிகளைப் பகிரங்கமாக விமர்சிப்பதற்கு இவர்களுக்கு உரிமை உண்டா, உண்டெனில் அதன் எல்லை எது என்ற கேள்வி அண்மைக் காலமாக மீண்டும் மீண்டும் எழுந்து வருகின்றது.

2024ஆம் ஆண்டு ஜேர்மனியில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளின்போது இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது. டென்மார்க்குடனான ஆட்டத்தை இங்கிலாந்து 1 - 1 என்ற கோல் கணக்கில் சமப்படுத்தியதைத் தொடர்ந்து, இங்கிலாந்து அணியின் முன்னாள் தலைவர்களுள் ஒருவரான கெரி லினேக்கர் தமது இணைய ஒலிபரப்பில் அந்த ஆட்டத்தை அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லால் வர்ணித்தார். அப்போதைய அணித்தலைவர் ஹரி கேன், சில தினங்களின் பின்னர் செய்தியாளர் மத்தியில் இதற்குப் பதிலளித்தார். முன்னாள் வீரர்களின் சொல்லுக்கு மக்கள் செவிசாய்க்கின்றனர் என்பதால் அவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கின்றது என்றும், இங்கிலாந்து நீண்டகாலமாக எதனையும் வெல்லவில்லை என்றும், அந்த நீண்டகாலத்தில் விமர்சிப்பவர்களும் பங்காளிகளாக இருந்தவர்களே என்றும் அவர் நினைவூட்டினார்.

கேனின் பதிலில் நியாயம் இருக்கவே செய்தது. லினேக்கர் 1986ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிகளில் 6 கோல்களைப் பெற்று முதலிடம் பிடித்த மாபெரும் வீரர். ஆனால், அவர் விளையாடிய 1988ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்து தனது மூன்று ஆட்டங்களிலும் தோல்வி கண்டது. 1992இல் ஓர் ஆட்டத்திலேனும் வெற்றிபெறாமல் முதற் சுற்றுடன் நாடு திரும்பியது. 1966ஆம் ஆண்டின் பின்னர் ஆண்கள் அணி பெரிய கிண்ணம் எதனையும் கைப்பற்றாத வரலாற்றில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு.

அதேவேளை, லினேக்கரின் கணிப்புப் பிழையென்றும் கூறிவிட முடியாது. அடுத்து ஸ்லோவேனியாவுடன் நடைபெற்ற ஆட்டமும் கோல் எதுவுமின்றி முடிந்தது. பயிற்றுநர் கெரத் சவுத்கேட்டை நோக்கி இங்கிலாந்து ரசிகர்களே பிளாஸ்டிக் குவளைகளை வீசினர். ஆயினும், அதே அணி இறுதியாட்டம் வரை முன்னேறி, பேர்லினில் ஸ்பெயினிடம் 2 - 1 என்ற கணக்கில் தோல்வியடைந்தது. இரு தினங்களில் சவுத்கேட் பதவி விலகினார். விமர்சகர்கள் கூறியதும் உண்மை. அணி சாதித்ததும் உண்மை. ஆகவே, கூறப்பட்டது சரியா பிழையா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விடயத்தில் ஒரு முடிவுக்கு வருவது கடினமானதாகும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை நாம் மனங்கொள்ள வேண்டும். இன்றைய தொழில்முறை உதைபந்தாட்டத்தில், அணிக்குள் இருப்பவர் வாய்திறப்பது எளிதல்ல. ஒப்பந்தம் அவரது நாவைக் கட்டிவிடுகின்றது. மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் தலைவராக விளங்கிய ரோய் கீனுக்கு 2005ஆம் ஆண்டில் நேர்ந்ததே இதற்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியில் மிடில்ஸ்புரோ கழகத்திடம் யுனைட்டட் 4 - 1 என்ற கணக்கில் தோல்வியுற்றது. காயம் காரணமாக அந்த ஆட்டத்தில் பங்குபற்றாதிருந்த கீன், கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சிக்கு வழங்கிய செவ்வியில் சக வீரர்களைப் பெயர் கூறிச் சாடினார். அச்செவ்வி ஒளிபரப்பப்படவேயில்லை. மூன்று வாரங்களுக்குள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் உழைத்த கழகத்திலிருந்து கீன் வெளியேறினார். அன்று அணித்தலைவராக இருந்து கூறமுடியாமற்போனவற்றை, ஓய்வுபெற்ற பின்னர் வாராவாரம் தொலைக்காட்சியில் அவர் கூறிவந்தார். உள்ளிருந்து பேசியவர் வெளியேற வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து பேசுபவருக்கோ ஊதியம் வழங்கப்படுகின்றது. இந்த முரண்பாட்டை உருவாக்கியவர்கள் முன்னாள் வீரர்கள் அல்லர். உண்மையை உள்ளே பேச இடமளிக்காத கழக நிர்வாகங்களே அதற்குப் பொறுப்பாளிகள் எனலாம்.

இத்தகைய சூழலில், ஓய்வுபெற்றவரின் குரல் சில சந்தர்ப்பங்களில் மக்களின் குரலாகவே மாறிவிடுகின்றது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி ஐரோப்பாவின் பன்னிரண்டு செல்வந்தக் கழகங்கள் தமக்கென ஒரு 'சுப்பர் லீக்' அமைக்கப்போவதாக அறிவித்தன. தரமிறக்கப்படும் அச்சமின்றி நிறுவனக் கழகங்கள் நிரந்தரமாக இடம்பெறும் வகையில் அத்திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அன்றைய தினமே, மன்செஸ்டர் யுனைட்டட்டின் முன்னாள் தலைவர் கெரி நெவில், தமது வாழ்நாளெல்லாம் நேசித்த அக்கழகத்தையே முதன்மையாகக் குறிப்பிட்டு, இது அப்பட்டமான பேராசை என நேரடி ஒளிபரப்பில் கண்டித்தார். ரசிகர்கள் வீதிக்கு இறங்கினர். 20ஆம் திகதி இரவு முடிவதற்குள் இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் பின்வாங்கின. அந்த வெற்றி ரசிகர்களுக்கு உரியது. எனினும், கழகத்தின் மீதான விசுவாசம் வேறு, கழக உரிமையாளர்கள் மீதான விசுவாசம் வேறு என்பதை அன்று நெவில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

சொல்லோடு நில்லாமல் செயலுக்கும் இறங்கியவர்கள் உளர். நெதர்லாந்தின் ஜொஹான் குரூஃப் அவர்களுள் முதன்மையானவர். 1971 முதல் 1973 வரை தொடர்ச்சியாக மூன்று தடவைகள் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அஜக்ஸ் அணியின் உயிர்நாடியாக விளங்கியவர் அவர். 2010 செப்டெம்பரில், இது இனி அஜக்ஸ் அல்ல என்று தமது பத்திரிகைப் பத்தியில் அவர் எழுதினார். 2004இன் பின்னர் தேசிய லீக் பட்டத்தை வெல்லாதிருந்த அக்கழகம், இளம் வீரர்களை உருவாக்கும் தனது மரபையே கைவிட்டுவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டாக இருந்தது. எழுதியதோடு நில்லாமல் கழகத்தின் மேற்பார்வைச் சபையிலும் அவர் அங்கம் வகித்தார். டெனிஸ் பேர்க்காம்ப் போன்ற முன்னாள் வீரர்கள் கழகத்தின் பொறுப்புகளுக்கு வந்தனர். சபைக்குள் மூண்ட பூசல் நீதிமன்றம் வரை சென்றது. குரூஃபும் ஈற்றில் ஒதுங்கிக்கொண்டார். எனினும், 2011 முதல் 2014 வரை தொடர்ச்சியாக நான்கு தேசியப் பட்டங்களை அஜக்ஸ் வென்றது. அவரது வழிமுறைகள் அனைத்தும் சரியென நாம் வாதிட முன்வரவில்லை. ஆனால், சொன்ன சொல்லுக்காகத் தமது பெயரையும் நிம்மதியையும் பணயம் வைத்தவர் அவர்.

ஜேர்மனியின் பிரான்ஸ் பெக்கன்பவரும் இவ்விடயத்தில் நினைவுகூரத்தக்கவர். 2001 மார்ச் மாதத்தில் பயர்ன் மியூனிச் அணி பிரான்ஸின் லியோன் அணியிடம் 3 - 0 என்ற கணக்கில் தோல்வியடைந்த இரவு, விருந்து மேசையில் எழுந்துநின்று, இது முதியவர்கள் பொழுதுபோக்கிற்காக ஆடும் ஆட்டம் என்று வீரர்களின் முகத்திற்கு நேரே அவர் கூறினார். அப்போது அவர் வெறும் முன்னாள் நட்சத்திரமல்லர், கழகத்தின் தலைவர். அணி வீழ்ந்தால் அவரும் பதில் சொல்லியாக வேண்டும். அதே அணி அடுத்த சுற்றுகளில் மன்செஸ்டர் யுனைட்டட்டையும் றியல் மட்றிட்டையும் வீழ்த்தி, மே மாதத்தில் வலன்சியாவைப் பெனால்டி உதைகளில் வென்று ஐரோப்பியச் சம்பியனாகியது. அன்றைய உரையே கிண்ணத்தை வென்று தந்தது எனக் கூறுவது மிகையாகலாம். ஆனால், ஒரே படகில் இருப்பவரின் கண்டிப்பு, கரையில் நின்று கல்லெறிபவரின் கூச்சலிலிருந்து வேறுபட்டது என்பதை எவரும் உணர்வர்.

மறுபுறத்தில், வெளியிலிருந்து நோக்கும்போது எளிதாகத் தெரிவது உள்ளே சென்றதும் எவ்வளவு கடினமாகின்றது என்பதற்கும் உதாரணங்கள் உள்ளன. தொலைக்காட்சியின் மிகச் சிறந்த ஆய்வாளர் எனப் போற்றப்பட்ட அதே நெவில், 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலன்சியா கழகத்தின் பயிற்றுநர் பதவியை ஏற்றார். பார்சிலோனாவிடம் 7 - 0 என்ற படுதோல்வி உட்படப் பல தோல்விகளைச் சந்தித்து நான்கு மாதங்களுக்குள் பதவிநீக்கப்பட்டார். இது அவரை எள்ளி நகையாடுவதற்கான செய்தியல்ல. அந்தப் பரீட்சைக்குத் துணிந்து முகங்கொடுத்ததற்காக அவரைப் பாராட்டவே வேண்டும்.

விமர்சனம் அணியின் ஆட்டத்தை விட்டுத் தனியொரு வீரரின் குணத்தின் மீது பாயும்போதுதான் விபரீதம் ஆரம்பமாகின்றது. ஆர்ஜென்டீனாவின் டியகோ மரடோனா, லயனல் மெஸ்ஸி நல்ல மனிதர் என்றும் ஆனால் தலைவருக்குரிய ஆளுமை அவரிடம் இல்லை என்றும் 2016 ஜூன் மாதத்தில் பெலேயிடம் கூறியமை உலகெங்கும் பரவியது. அதே மாதத்தில் சிலியிடம் இறுதியாட்டத்தில் தோல்வியுற்ற மெஸ்ஸி, தேசிய அணியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். விலக வேண்டாமெனக் கோரியவர்களுள் மரடோனாவும் ஒருவர் என்பது வேறு விடயம். மரடோனாவே பயிற்றுநராக இருந்த 2010ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தில், மெஸ்ஸி விளையாடிய ஆர்ஜென்டீனா ஜேர்மனியிடம் 4 - 0 எனத் தோற்றிருந்தது. பின்னர் மனம்மாறித் திரும்பிய மெஸ்ஸி, 2022இல் கட்டாரில் அணித்தலைவராக உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்தினார். அதனைக் காண மரடோனா உயிருடன் இருக்கவில்லை. 1986ஆம் ஆண்டின் தமது உருவத்தையே அளவுகோலாகக் கொண்டு இன்னொருவரை அளந்ததுதான் அம்மாமேதை இழைத்த தவறு. தலைமைத்துவம் ஆளுக்காள் வேறுபடும் என்பதைக் காலம் உணர்த்தியது.

ஆனால், கசப்பான சொற்கள் யாவும் பொறாமையில் பிறப்பவை என ஒதுக்கிவிடவும் முடியாது. 2023ஆம் ஆண்டின் மகளிர் உலகக் கிண்ணத்தில், போர்த்துக்கலுடன் கோலின்றிச் சமநிலை கண்டு தட்டுத்தடுமாறி அடுத்த சுற்றுக்குச் சென்ற அமெரிக்க வீராங்கனைகள் நடனமாடிக் களிப்புற்றதை, இரு தடவைகள் உலகக் கிண்ணத்தை வென்ற முன்னாள் வீராங்கனை கார்லி லொயிட் தொலைக்காட்சியில் கண்டித்தார். பயிற்றுநர் அதனைக் கடுமையாக மறுத்தார். ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே சுவீடனிடம் பெனால்டி உதைகளில் தோற்று அமெரிக்கா வெளியேறியது. மகளிர் உலகக் கிண்ண வரலாற்றில் அமெரிக்கா இவ்வளவு விரைவாக வெளியேறியது அதுவே முதற்தடவை. எச்சரிக்கை விடுத்தவரின் வாயை அடைக்க முற்படுவதனால் ஆபத்து அகன்றுவிடுவதில்லை.

இவையனைத்தையும் விட எம்மைச் சிந்திக்க வைப்பது 2024 ஜூன் மாதத்தில் பிரேஸிலில் இடம்பெற்ற சம்பவமாகும். 2002இல் உலகக் கிண்ணத்தை வென்ற ரொனால்டினோ, இந்த அணி அண்மைக் காலத்தின் மிக மோசமான அணிகளுள் ஒன்று என்றும், கோபா அமெரிக்கா போட்டிகளில் அதன் ஆட்டங்களைத் தாம் பார்க்கப்போவதில்லை என்றும் பகிரங்கமாக அறிவித்தார். அணியின் வீரர்கள் மனம் நொந்தனர். ஒரு தேசமே அதிர்ந்தது. பின்னர், இவை யாவும் ஒரு விளம்பரத்தின் பகுதி என்பது வெளியாயிற்று. ரசிகர்கள் அணியைக் கைவிடக்கூடாது என வலியுறுத்துவதே விளம்பரத்தின் நோக்கம் என விளக்கமளிக்கப்பட்டது. நோக்கம் எதுவாயினும், முன்னாள் நட்சத்திரமொருவரின் கோபத்திற்குச் சந்தையில் விலை உண்டு என்பதை இச்சம்பவம் அம்பலப்படுத்திவிட்டது. உண்மையான வேதனையையும் விற்பனைக்கான வேதனையையும் மக்கள் பிரித்தறிய முடியாத நிலை தோன்றுமாயின், நாளை நெவில் போன்ற ஒருவர் நியாயமான காரணத்திற்காகக் குரலெழுப்பும்போது அதனை நம்புவதற்கு ஆளிருக்காது. இதுவே நாம் அஞ்சவேண்டிய உண்மையான இழப்பாகும்.

இடித்துரைப்போரை அருகில் வைத்துக்கொள்ளுமாறு எமது முன்னோர் அரசர்களுக்கு அறிவுரை கூறினர். அந்த அறிவுரை கழகங்களுக்கும் தேசிய அணிகளுக்கும் பொருந்தும். ஆனால், இடித்துரைப்போர் என்று முன்னோர் கருதியது அரசனின் நலனில் அக்கறையும், வேண்டுமிடத்து அவனுடன் சேர்ந்து சுமக்கும் துணிவும் கொண்டவர்களையே அன்றி, வீதியில் நின்று வசைபாடுவோரை அல்ல.

எனவே, முன்னாள் வீரர்கள் மௌனம் காக்கவேண்டும் என்று நாம் கோரவில்லை. அவர்கள் பேசவேண்டும். ஆட்டத்தையும் நிர்வாகத்தையும் தயவுதாட்சண்யமின்றி ஆராய வேண்டும். ஆனால், தாமும் தோற்ற நாட்களை மறவாது பேசவேண்டும். இருபது வயது இளைஞனொருவனின் குணத்தின் மீது தீர்ப்பெழுதுவதைத் தவிர்க்கவேண்டும். கழகங்களும் சங்கங்களும் இவர்களைப் பகைவர்களாகக் கருதாது, உள்ளே அழைத்துப் பொறுப்பளித்துப் பேசச்செய்ய வேண்டும். ஊடகங்கள் ஒரு மணிநேர ஆய்விலிருந்து ஒரேயொரு சுடுசொல்லை மட்டும் பிடுங்கித் தலைப்பாக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும்.

மார்பில் தொங்கும் பழைய பதக்கங்கள் ஒருவருக்கு மக்களின் செவியைப் பெற்றுத்தரும். அந்தச் செவியில் எதனைப் போடுவது என்பதற்கான பொறுப்பு அவருடையதேயாகும்.