பூச்சிக்குப் பெயர் சூட்டுவதும் பொதுப்பணியே

நமது வயல்களிலும் வனங்களிலும் வாழ்ந்தும் இன்னும் விஞ்ஞானத்தின் ஏட்டில் இடம்பெறாதிருக்கும் ஒரு பூச்சியைக் கண்டறிந்து, அதன் அங்க அடையாளங்களை விவரித்து, உலகம் முழுவதும் ஏற்கத்தக்க ஒரு பெயரை அதற்குச் சூட்டுவது சில பண்டிதர்களின் பொழுதுபோக்கே என்ற அபிப்பிராயம் நெடுங்காலமாக நம்மிடையே நிலவி வருகிறது. அந்த அபிப்பிராயம் பிழையானது. தருமபுரி போன்ற மானாவாரிச் சீமையின் குடியானவருக்கு அப்பணியால் விளையும் க்ஷேமம் மிகப் பெரிது.

தொட்டால் துர்நாற்றம் வீசுவதும், முதுகில் கேடயம் போன்ற முக்கோணத் தகட்டை உடையதுமான நாவாய்ப்பூச்சியை அறியாத விவசாயி இல்லை. அக்குடும்பத்தில் பெரும்பாலானவை இலையிலும் காயிலும் கதிரிலும் சாற்றை உறிஞ்சி மகசூலைக் கெடுப்பவை. ஆனால் அதே குடும்பத்தில் ‘அசோபினே’ என்று விஞ்ஞானிகள் வழங்கும் ஒரு கிளை, தாவர போஜனத்தைப் பெரும்பாலும் விட்டு, பிற பூச்சிகளை வேட்டையாடி உயிர் வாழ்கிறது. உலகில் ஏறத்தாழ 300 இனங்களைக் கொண்ட இக்கிளையின் பூச்சிகள், தடித்த அலகை முன்னோக்கி நீட்டிப் புழுவின் உடலில் பாய்ச்சி, உமிழ்நீரைச் செலுத்தி, உள்ளிருக்கும் தசையைக் கரைத்துக் குடித்துவிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த முதற்பருவக் குஞ்சு நீரையும் செடியின் சாற்றையும் கொண்டே காலந்தள்ளி, இரண்டாம் பருவத்திலிருந்துதான் வேட்டையைத் தொடங்குகிறது. நிலக்கடலையையும் ஆமணக்கையும் மொட்டையடிக்கும் புரொடீனியா புழுவை இவ்விதம் கொன்று தின்னும் ‘இயோகாந்திகோனா பர்செல்லேட்டா’ என்னும் இனம் நம் நாட்டு வயல்களில் காணப்படுவதே.

இங்கேதான் பெயரின் அவசியம் புலனாகிறது. பகைவனும் நண்பனும் ஒரே கேடயத்தை அணிந்து, ஒரே நாற்றத்தை வீசி, ஒரே செடியில் அமர்ந்திருக்கும்போது, அலகின் பருமனைக் கூர்ந்து பார்த்தாலன்றி வேற்றுமை தோன்றாதாகையால், கண்ட மாத்திரத்தில் மருந்தடிக்கும் விவசாயி தம் காவற்காரனையும் சேர்த்தே மாய்த்துவிடுகிறார். வேட்டையாடும் பூச்சி எதுவாயினும் நன்மையே செய்யும் என்று கருதுவதற்கும் இடமில்லை. நிலக்கடலைக் காட்டில் உபகாரியாக விளங்கும் அதே இயோகாந்திகோனா, வட மாநிலங்களில் திறந்த வெளி மரங்களில் வளர்க்கப்படும் டசர் பட்டுப்புழுவுக்குப் பெரும் சத்துருவாக இருக்கிறது. எந்த இனம், எதை உண்ணும், எங்கே வாழும் என்ற விவரங்கள் யாவும் அதன் பெயரோடு பிணைந்தே கிடைக்கின்றன. பெயரில்லாத பூச்சியைப் பற்றி ஒருவர் கண்ட அனுபவம் மற்றொருவருக்குப் பயன்படுவதில்லை.

ஒரு புதிய இனத்தை விவரிப்பது எளிய காரியமன்று. 1902-ஆம் ஆண்டில் டிஸ்டன்ட் என்னும் ஆங்கிலேயர் இந்திய நாவாய்ப்பூச்சிகளைத் தொகுத்து வெளியிட்ட நூல் இன்றும் ஆதாரமாக நிற்கிறது. அவர் பெயரிட்ட பூச்சிகளின் மூல மாதிரிகளில் பலவோ லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தம் கையிலுள்ள பூச்சி புதியது என்று சொல்ல விரும்புவோர், அதன் தோளின் கூர்மையையும் காலின் அமைப்பையும் அளந்து, ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நெருங்கிய இனங்கள் அனைத்தோடும் ஒப்பிட்டு, ஒரு மாதிரியை மூலச்சான்றாக நிலைநிறுத்திப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைத்த பின்னரே பெயர் நிலைபெறும். நிலத்திற்குப் பட்டா வழங்குமுன் சர்வேயர் எல்லைக்கல் நடுவதற்கு ஒப்பான காரியம் இது. சாலினி, விரக்தமத் ஆகிய இரு விஞ்ஞானிகள் 2015-இல் தென்னிந்திய நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தின் பேரினங்களை இனங்காணும் சித்திர வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு இத்துறைக்குப் பேருதவி புரிந்தனர். அவர்களைப் போன்றோர் நாட்டில் மிகச் சிலரே.

பெயர் பிழைத்தால் விளையும் கேட்டிற்கு மரவள்ளி மாவுப்பூச்சியின் சரித்திரமே சாட்சி. 1970-களில் ஆப்பிரிக்காவில் பரவி ஏழைகளின் உணவையே அழித்த அப்பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா என்று ஊகித்து, அக்கண்டத்தின் வடபகுதியிலிருந்து இயற்கை எதிரிகளைத் தேடிக் கொணர்ந்தபோது, அவை ஆப்பிரிக்கப் பூச்சியின்மீது நிலைக்கவில்லை. ஏனெனில் அவ்வடபகுதியில் கண்டது உருவத்தால் ஒத்த வேறோர் இனமாகும். உண்மையான இனம் 1981-இல் பராகுவே நாட்டில் அகப்பட்டது. அதனோடு கிடைத்த ‘அனகைரஸ் லோபெசி’ என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவைக் காத்தது. அக்குளவியை அர்ஜென்டினாவின் டி சாண்டிஸ் 1964-ஆம் ஆண்டிலேயே, அதன் பிற்காலப் பெருமையை எவரும் கனவிலும் கருதாத காலத்தில், பெயரிட்டு விவரித்து வைத்திருந்தார். அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் மரவள்ளித் தோட்டங்களைத் தாக்கியபோது, பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அக்குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து வளர்க்க, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதன் விநியோகம் தொடங்கிற்று. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு அனுப்பும் நம் விவசாயி, தாம் அறியாத ஒரு பெயர்சூட்டுநருக்குக் கடன்பட்டிருக்கிறார்.

ஒகேனக்கல் காவிரிக் கரையும், பென்னாகரத்து முட்புதர்க் காடும், வத்தல்மலையும், சித்தேரி மலைத் தொடரும், அவற்றினிடையே கேழ்வரகும் சாமையும் அவரையும் விளையும் செம்மண் நிலங்களும் ஒருசேர அமைந்த தருமபுரி மாவட்டத்தில் எத்தனை விதப் பூச்சிகள் வாழக்கூடும் என்பதைச் சிந்தித்தால், இங்கே முறையான தேடல் எவ்வளவு பலனளிக்கும் என்பது விளங்கும். 2022-இல் இப்பகுதிக் காடுகளைக் கொண்டு காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயம் அமைக்கப்பட்டது பாராட்டத்தக்கது. ஆயினும் யானையைக் கணக்கெடுப்பது போலவே பூச்சியையும் கணக்கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் வேரூன்ற வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களை அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பூச்சி வகைப்பாட்டு சாஸ்திரத்தில் தேர்ந்தோருக்கு நிரந்தர உத்தியோகங்களை ஏற்படுத்துவது முதலாவது. ஆராய்ச்சிப் புகழும் சம்பளமும் பிற துறைகளை நோக்கியே பாயும்போது இளைஞர் எவரும் நாவாய்ப்பூச்சியின் காலை எண்ணிக்கொண்டு ஆயுளைச் செலவிட முன்வரமாட்டார். மாவட்டக் கல்லூரிகளில் ஊரும் தேதியும் பயிரும் எழுதிய சீட்டுடன் பூச்சிச் சேகரங்களை ஒழுங்காகப் பேணுவது இரண்டாவது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் எழுதப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் மரத்தோடும் மூலிகையோடும் வயற்பூச்சிகளுக்கும் இடமளித்து, நன்மை செய்யும் வேட்டைப் பூச்சியைத் தீமை செய்வதிலிருந்து பிரித்தறியும் பயிற்சியை பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற ஸ்தாபனங்கள் வாயிலாக விவசாயிகளுக்கு அளிப்பது மூன்றாவது. இவற்றிற்கு ஆகும் பொருள் மருந்துக்கு ஆண்டுதோறும் குடியானவர் இழக்கும் பொருளோடு ஒப்பிட அற்பமே. டி சாண்டிஸின் உழைப்பு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் நம் மரவள்ளிக்கு உதவியது போல், இன்று இங்கே செய்யப்படும் உழைப்பு நம் பேரர்களின் பயிருக்கு உதவ வேண்டுமானால், அதை இந்தத் தலைமுறையே தொடங்கியாக வேண்டும்.