ஹூசவிக்காரங்க வீட்டுல என்ன மொழி பேசுவாங்க?

யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வச்சு வில் ஃபெர்ரல் நடிச்ச 'ஃபயர் சாகா' படத்தை (நெட்ஃபிளிக்ஸ், 2020) மூணாவது தடவையா பார்த்து முடிச்சேன் மக்களே. மொத ரெண்டு தடவை விழுந்து விழுந்து சிரிச்சேன். மூணாவது தடவை கடுப்பாயிடுச்சு. ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறமா திட்டுங்க.

படம் பார்க்காதவங்களுக்காக: ஐஸ்லாந்தோட வட கடற்கரையில ஹூசவிக்னு ஒரு சின்ன ஊரு. 1974-ல டிவியில ஆபா குழு பாடினதைப் பார்த்ததுலேர்ந்து லார்ஸுக்கு யூரோவிஷன் பைத்தியம். கூடப் பாடுறது சிக்ரிட். நாட்டுல இருக்கற மத்த போட்டியாளருங்க மொத்தமா ஒரு படகு வெடிச்சுப் போய்ச் சேர, வேற வழியில்லாம இவங்களை எடின்பரோவுக்கு அனுப்புறாங்க. நல்ல காமெடி நூல்தான், இல்லைங்கல.

ஆனா பாருங்க, அப்பனும் மகனும் வீட்டுல சண்டை போடுறது இங்கிலீஷ்ல. அதுவும் இழுத்து இழுத்துப் பேசுற போலி இங்கிலீஷ். மகன் அமெரிக்கர், அப்பன் அயர்லாந்துல பொறந்த பியர்ஸ் ப்ராஸ்னன், ஹீரோயின் கனடாக்காரர். ஹாலிவுட் வழக்கமே அதுதானேன்னு விட்டுடலாம். நானும் விட்டுட்டேன், கடைசிக் காட்சி வர்ற வரைக்கும்.

கடைசியில என்ன ஆவுது? சிக்ரிட் தன் ஊரைப் பத்தின பாட்டை எடுத்து, நடுவுல தாய்மொழியில பாடுறா. ஊரே உருகுது, போட்டி தோத்தாலும் பரவாயில்லைங்குது படம். அதாவது, மனசுலேர்ந்து வர்ற பாட்டு சொந்த மொழியிலதான் வரும்னு பாடம் நடத்துது. அந்தப் பாடத்தை நடத்துறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் அந்த மொழியை வச்சு என்ன செஞ்சாங்க? பேரையும் உச்சரிப்பையும் வச்சு கிச்சுகிச்சு மூட்டினாங்க. அவ்ளோதான். ஊறுகாய் மாதிரி ஓரத்துல வச்சுட்டு, கடைசியில இதுதான் சாப்பாடுன்னா எப்படிங்க?

"காமெடிப் படத்துல போயி மொழி அரசியலா?"ன்னு கேப்பீங்க. யூரோவிஷன்ல மொழி எப்பவுமே பெரிய சண்டைங்க. 1977-லேர்ந்து 1998 வரைக்கும் அவங்கவங்க நாட்டு மொழியிலதான் பாடணும்னு விதி. 1999-ல விதியை எடுத்தாங்க, பெரும்பாலானவங்க இங்கிலீஷுக்குத் தாவினாங்க. அப்படியிருந்தும் 2017-ல போர்ச்சுகலோட சால்வடோர் சோப்ரால் சொந்த மொழியில பாடி ஜெயிச்சார். கொடுமை என்னன்னா, அதே சோப்ரால் இந்தப் படத்துலயே தெருவுல பியானோ வாசிச்சுட்டுப் போறார். ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க, அவர் ஜெயிச்ச சேதியை விட்டுட்டாங்க. படம் வந்தப்புறமும் 2021-ல இத்தாலியன், 2022-ல உக்ரைனியன்னு சொந்த மொழிப் பாட்டுங்கதான் ஜெயிச்சுது.

போட்டியைக் கிண்டலடிக்கிறாங்களாம். அதுவும் பழைய சரக்கு. ஐஸ்லாந்தே 2006-ல சில்வியா நைட்னு ஒரு நையாண்டிப் பாத்திரத்தை மேடையேத்தி ஏதென்ஸ்ல கூச்சல் வாங்கிட்டு வந்துச்சு. அதே வருஷம் அரக்கன் முகமூடி போட்ட ஃபின்லாந்துக்காரங்க கோப்பையையே தூக்கிட்டுப் போனாங்க. தன்னைத்தானே இந்த அளவுக்குக் கலாய்ச்சுக்கிற இடத்துல வெளியாளு வந்து புதுசா என்னத்தைக் கலாய்க்க?

இன்னொண்ணு. அந்தப் பாட்டோட உயரமான குரல் ஸ்வீடன் பாடகி மோலி சாண்டேனோடது. ஆல்பத்துல 'மை மரியான்'னு வேற பேர்ல இருக்கார். பின்னணிப் பாடகரைத் தலையில தூக்கி வச்சு ஆடுற ஊர்க்காரனுக்கு இது உறுத்துமா உறுத்தாதா?

ஒரு விஷயத்துல மட்டும் மனசு ஆறுச்சு. 2021 ஆஸ்கர் விழாவுக்காக அந்தப் பாட்டை மோலி ஹூசவிக்லயே, அந்த ஊர்ப் பொண்ணுங்களோட சேர்ந்து பாடினார். பரிசு கிடைக்கல, பரிந்துரையோட சரி. ஆனா அந்தச் சில நிமிஷத்துல பாட்டு ஊருக்குத் திரும்பிப் போயிடுச்சு. தேடிப் பாருங்க. ரெண்டு மணி நேரப் படம் சொல்ல நினைச்சதை அந்தப் பொண்ணுங்க போலி உச்சரிப்பு எதுவும் இல்லாம சொல்லிட்டாங்க.

படத்தை ஒரு தடவை பார்த்துச் சிரிங்க, தப்பில்ல. சின்ன ஊரையும் அதோட மொழியையும் கொண்டாடுன படம்னு மட்டும் எங்கிட்ட யாரும் ஜல்லியடிக்காதீங்க, சொல்லிப்புட்டேன்.