கழனி போனதுக்கு எத்தனை மார்க்?

"மேனாம்பேடா? நிலத்தை வித்துக் கோடி கோடியா பார்த்திருப்பீங்க, உங்களுக்கென்ன கவலை?" சென்னை நண்பர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான்.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் கூடக்கூட நோய் வரும் வாய்ப்பும் கூடுமாம். கணவனோ மனைவியோ இறந்தால் 100, விவாகரத்து 73, வேலையிலிருந்து ஓய்வு 45, வீடு மாறினால் 20. கிறிஸ்துமஸுக்கே 12 உண்டுங்க! கழனி மனையானதுக்கு ஒண்ணும் கிடையாது.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தப் பக்கத்துக் கழனியெல்லாம் ஒவ்வொன்றாய் மனையாச்சு. காசு வாங்கினது நிஜம்தான். ஆனா எங்க பெருசுங்க வீடே மாறலையே! அதே திண்ணை. விடிகாலையில் எழுந்தா போக இடமில்லை, கூப்பிட ஆளில்லை. 'என்ன தொழில்?' என்றால் பதிலில்லை. சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் டாக்டர் இதைக் கேட்கிறாரா?

ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கத்தால் ஊர் உருமாறிப்போனவர்களைப் பார்த்து, கிளென் ஆல்பிரெக்ட் 'சோலஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு ஊருக்காக ஏங்குவது. இங்கே சுரங்கம் வேண்டாம், மனைக் கல் நட்டாலே போதும்.

அடுத்த முறை மனை பார்க்க வரும்போது சதுர அடி விலையோடு, அங்கே என்ன பயிர் வெச்சாங்கன்னும் கேளுங்க. சொல்ல இன்னும் சிலர் இருக்காங்க.