பிக்-அப் டிரக் வாங்கினா ‘ஆபீஸர்’ இமேஜ் போயிடுமா?

கோவையில் ஆடிட்டராக இருக்கும் நண்பர் ஒருவர், போன வருடம் பிக்-அப் டிரக் வாங்கினார். நான்கு கதவு, ஐந்து சீட், முன்னால் டச் ஸ்கிரீன், பின்னால் லோடு ஏற்ற ஓப்பன் பாடி. விலை முப்பது லட்சத்துக்கு மேல். பொள்ளாச்சி பக்கம் அவருக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை தோப்பு. ரெண்டுக்கும் ஒரே வண்டி என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கில் பிழை இல்லை. ஆனால், வண்டியை மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தியதுமே முதல் அடி விழுந்தது. “ஏனுங் மாப்ளே, கார் வாங்கறேன்னு சொல்லிப்போட்டு குட்டி யானையை வாங்கிட்டு வந்திருக்கீங்க?”

அடுத்த அடி, ஒரு க்ளையன்ட் வீட்டுக் கல்யாண வரவேற்பில். பெரிய ஹோட்டல். கோட்டு சூட்டோடு வண்டியை உள்ளே திருப்பியவரை செக்யூரிட்டி கைகாட்டி நிறுத்தினார். “லோடு வண்டியெல்லாம் பின்பக்க கேட் சார்.” அந்த நேரம் பார்த்து பின்னாலேயே வந்த ஃபார்ச்சூனருக்கு ஒரு சல்யூட்டோடு வழிவிட்டார். நண்பர் கடுப்பாகி, “யோவ், அதுவும் இதுவும் ஒரே சேஸிஸ்யா” என்றிருக்கிறார். செக்யூரிட்டி அசரவில்லை. “அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். பின்னாடி திறந்திருந்தா பின்பக்கம் அனுப்பச் சொல்லியிருக்காங்க.”

நண்பர் இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால், உள்ளுக்குள் வலித்திருப்பது தெரிந்தது. “ஆபீஸுக்கு இதுல போறது தப்போன்னு யோசிக்கிறேன்” என்றார். படித்து, நல்ல வேலையில் இருக்கும் ஒருவருக்கு பிக்-அப் பொருந்துமா, பொருந்தாதா?

ஒரே எலும்பு, ரெண்டு மரியாதை

நண்பர் கோபத்தில் சொன்னது உண்மைதான். 2004-ல் டொயோட்டா ‘ஐ.எம்.வி’ என்ற திட்டத்தில், ஒரே அடித்தளத்தில் ஹைலக்ஸ் பிக்-அப், இன்னோவா, ஃபார்ச்சூனர் மூன்றையும் கொண்டுவந்தது. இன்று இந்தியாவில் விற்கும் ஹைலக்ஸிலும் டீசல் ஃபார்ச்சூனரிலும் இருப்பது அதே 2.8 லிட்டர் இன்ஜின்தான். ஒன்று அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும் விரும்பும் வண்டி. இன்னொன்று, ‘என்ன லோடு சார்?’ என்று கேட்க வைக்கும் வண்டி.

இது புதுக்கதையும் இல்லை. 1991-ல் வந்த டாடா சியரா நினைவிருக்கிறதா? அந்தக் காலத்துப் பணக்கார இளைஞர்களின் கனவு வண்டி. அது, 1988-ல் வந்த ‘டாடாமொபைல்’ பிக்-அப்பின் அடித்தளத்தில் உருவானது. பின்பக்கத்தை மூடி, கண்ணாடி போட்டதும் மரியாதை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆக, நம் ஊர் சங்கடம் வண்டியின் தரத்தாலோ விலையாலோ வருவதில்லை. 2022-ல் ஹைலக்ஸ் இங்கே வந்தபோது ஆரம்ப விலையே சுமார் 34 லட்சம். அவ்வளவு கொடுத்தும் பின்பக்க கேட்தான் என்றால், பிரச்னை அந்தத் திறந்த பாடியில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அதில் ஏற்றும் சுமையில் இருக்கிறது.

ஞாயிறு சர்ச், திங்கள் சந்தை

ஆஸ்திரேலியாவில் இதே கேள்வி 90 வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். ‘ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும்’ என்பது கோரிக்கை. அங்கிருந்த இளம் வடிவமைப்பாளர் லூ பேண்ட், முன்பாதி கார், பின்பாதி லாரி என்று ஒரு வண்டியை வரைந்தார். 1934-ல் அது சந்தைக்கு வந்தது. ஆஸ்திரேலியர்கள் செல்லமாக ‘யூட்’ என்று கூப்பிடும் வண்டி வகையின் தொடக்கம் அதுதான். இன்றும் அந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இடங்களுக்கு அடித்துக்கொள்வது ஃபோர்டு ரேஞ்சர், ஹைலக்ஸ் என்ற இரண்டு பிக்-அப்கள்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே. 1977-லிருந்து அங்கே அதிகம் விற்கும் டிரக், ஃபோர்டு எஃப் சீரிஸ். 1980-களிலிருந்து பல்லாண்டுகளாக கார்களையும் சேர்த்தே அதிகம் விற்ற வண்டியும் அதுதான். வக்கீல், டாக்டர், பேங்க் மேனேஜர் எல்லாருமே ஓட்டுகிறார்கள். இதற்குப் பின்னால் அரசாங்கமும் இருக்கிறது. 1964-லிருந்து வெளிநாட்டு டிரக்குகளுக்கு 25 சதவிகித இறக்குமதி வரி போட்டு, உள்ளூர் கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். தொழிலுக்கு வாங்கும் கனமான வண்டிகளுக்கு வருமான வரியிலும் சலுகை உண்டு. லெதர் சீட் போட்ட சொகுசு டிரக்குகள் அந்தப் பாதையில் வந்தவைதான்.

ஆனால், அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. 2002 மாடலாக ‘லிங்கன் பிளாக்வுட்’ என்று ஒரு சொகுசு பிக்-அப் வந்தது. பின்பக்க பாடியில் கார்ப்பெட், பளபளக்கும் ஸ்டீல் தகடு. அதில் மண்ணையோ மரத்தையோ யார் ஏற்றுவார்கள்? அமெரிக்காவில் ஒரே மாடல் வருடத்தோடு கடையைக் கட்டியது. மெர்சிடிஸ்-பென்ஸும் 2017-ல் ‘எக்ஸ் கிளாஸ்’ என்று ஒரு பிக்-அப் விட்டுப் பார்த்தது. 2020-ல் நிறுத்திவிட்டது. பெரிய பெயரை ஒட்டினால் மட்டும் பிக்-அப்புக்கு மரியாதை வந்துவிடாது. அது சுமை தூக்கினால்தான் அதற்கு அர்த்தம்.

வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு

இந்தியாவில் 2016-ல் இசுஸு ‘வி-கிராஸ்’ வந்தபோதுதான், சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டில் பிக்-அப் என்ற எண்ணம் பரவலானது. நம் எல்லைக்குப் பக்கத்தில், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் வண்டி. அதே கம்பெனியின் ‘எஸ்-கேப்’, சரக்கு ஏற்ற மஞ்சள் போர்டில் ஓடுகிறது. ஒன்றைப் பார்த்தால் ‘கெத்து’ என்கிறோம். இன்னொன்றை ‘லோடு வண்டி’ என்கிறோம்.

வரியிலும் இந்தக் குழப்பம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி-களுக்கு ஜி.எஸ்.டி 40 சதவிகிதம். சரக்கு வாகனங்களுக்கோ 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. பிக்-அப்களும் சரக்கு வாகனக் கணக்கில் வருவதால் அவற்றின் விலையும் இறங்கியது. வரி போடும்போது சரக்கு வண்டி, பதிவு செய்யும்போது சொந்த வண்டி, ஹோட்டல் வாசலில் மறுபடியும் சரக்கு வண்டி!

நம் ஊரில் சுமை தூக்குவது யார் வேலை என்று காலங்காலமாக ஒரு எண்ணம் இருக்கிறது. படித்தவன் தூக்க மாட்டான், ஆள் வைத்துத் தூக்குவான். பையன் அரிசி மூட்டையைத் தொட்டாலே, ‘நீ விடுப்பா, ஆள் வரும்’ என்று சொல்லி வளர்த்த வீடுகள் எத்தனை! சாதியும் வர்க்கமும் சேர்ந்து கட்டிய எண்ணம் இது. 2005-ல் வந்த டாடா ஏஸுக்கு ‘குட்டி யானை’ என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். காய்கறி, தண்ணீர் கேன், வீடு மாற்றும் சாமான் என்று நம் வாழ்க்கையே அதில்தான் நகர்கிறது. ஆனாலும், அதை ஓட்டுபவரை நாம் எந்த கேட் வழியாக அனுப்புகிறோம்?

நண்பருக்கு வலித்தது ஒரே ஒரு ராத்திரி. அந்தக் கேட்டில் தினமும் நிற்பவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். ‘இந்த வண்டி என் இமேஜுக்குப் பொருந்துமா?’ என்று கேட்கும்போது, ‘என்னையும் அவர்களில் ஒருவனாக நினைத்துவிடுவார்களோ?’ என்ற பயத்தைத்தான் நாம் நாகரிகமாகச் சொல்கிறோம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு

அதற்காக எல்லாரும் பிக்-அப் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. இமேஜை ஓரமாக வைத்துவிட்டு, இந்த விஷயங்களை யோசியுங்கள்.

முதலில் இடம். அபார்ட்மென்ட்களில் ஒரு காருக்கு வழக்கமாக ஒதுக்குவது 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். இந்த பிக்-அப்களின் நீளம் 5.3 மீட்டர். மூக்கோ வாலோ பக்கத்து வீட்டுக்காரர் வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்து சவாரி. பின்னால் இருப்பது சுமைக்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங். லோடு இருந்தால் நிதானமாகப் போகும். காலியாகப் போனால் பின் சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் பின்னால் போட்ட சூட்கேஸ் நனையும். மூடி தனியாக வாங்க வேண்டும். பின்னால் ஆட்களை ஏற்றுவதோ சட்டப்படி கூடவே கூடாது.

கடைசியாக, தெருவில் நடப்பவர்கள். 2023-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் மோதினால், 30 அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்கிறது அது. எஸ்.யூ.வி-க்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பள்ளிக் குழந்தைகள் குறுக்கே ஓடும் நம் தெருக்களில், ‘உசரமா உக்காந்தா கெத்து’ என்பதற்கு இன்னொருவர் விலை கொடுக்கலாம்.

தோப்பு, பண்ணை, கட்டுமான வேலை என்று மாதத்தில் நாலு தடவையாவது பாடி நிறையுமா? தாராளமாக வாங்குங்கள். ஆபீஸ் வாசலில் தயங்காமல் நிறுத்துங்கள். பாடி வருடம் முழுக்கக் காலியாகவே இருக்குமா? அப்போது அது உங்களுக்கான வண்டி இல்லை. காரணம் இமேஜ் அல்ல, வேலை இல்லாத இடத்தை முப்பது லட்சம் கொடுத்துச் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நண்பர் வண்டியை விற்கவில்லை. தேங்காய், உரமூட்டை, தென்னங்கன்று என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாடி நிறைகிறது. போன மாதம் மாமனாரே போன் பண்ணினாராம். “மாப்ளே, நம்ம கிணத்து மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுபோகோணும். குட்டி யானை சும்மாதானுங்க நிக்குது?”